பேட்டரி ஸ்கூட்டரில் எவ்வளவு வேகம் போகலாம்?

கேள்வி இதுதான். கோவை கணபதியில் வீடு. பிளஸ் டூ படிக்கும் 17 வயது மகள் மாலையில் பக்கத்திலேயே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் டியூஷனுக்குப் போய் வர வேண்டும். மனைவிக்கு அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் பக்கம் வேலை, ஒரு வழிக்கு ஆறேழு கிலோமீட்டர். ஒரே பேட்டரி ஸ்கூட்டரை வாங்கி இருவரும் ஓட்டலாமா? லைசென்ஸ் கேட்காத, 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டி போதுமா? "லாக்கை எடுத்துவிட்டால் 45 போகும் சார்" என்று கடையில் சொல்கிறார்களே, எடுக்கலாமா? உண்மையில் பாதுகாப்பான வேகம் என்றால் எவ்வளவு?

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தெரு, பள்ளிக்கூட வாசல், சந்தைப் பகுதி என்றால் மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர். ஊருக்குள் சாதாரணச் சாலையில் 40. நடுவில் தடுப்புள்ள அகலமான சாலை, பகல் வெளிச்சம், காய்ந்த தார், முன்னால் வண்டி இல்லை என்றால் 50. அதற்கு மேல் வேண்டாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுத்த வண்டியை வாங்கவே வேண்டாம். புதிதாக வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. அதனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 25 என்ற கணக்கிலிருந்து தொடங்குவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரியைக் கழித்த எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால் அந்த இரு சக்கர வண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படாது. அதனால்தான் அதற்கு லைசென்ஸ், ஆர்.சி., நம்பர் பிளேட் எதுவும் வேண்டியதில்லை. வேகமாக மிதிக்கும் சைக்கிளோடு சேர்த்து அதை வைத்திருக்கிறது சட்டம். இந்தச் சலுகை முழுவதும் வேகமும் திறனும் அந்த எல்லைக்குள் இருப்பதால் கிடைப்பது.

லாக்கை எடுப்பது என்றால் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலான மலிவு வண்டிகளில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு ஒயர்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதைக் கழற்றிவிட்டால் வண்டி 40, 45 என்று பாயும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் வண்டி சட்டப்படி பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. ஓட்டுகிறவர் லைசென்ஸ் இல்லாதவர், வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. யார்மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் சொந்தப் பணம். ஓட்டியது 18 நிரம்பாத பிள்ளை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு வரும்: பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கேரளத்தில் 2023-இல் இப்படி வேகத்தைக் கூட்டி விற்ற ஷோரூம்களில் போக்குவரத்துத் துறை நேரடியாகச் சோதனை நடத்தியது.

சட்டத்தை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 25-இல் போவதற்கும் 45-இல் போவதற்கும் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலில் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். 25-க்கு என்று செய்த வண்டியில் இருப்பது பெரும்பாலும் கேபிளில் இழுக்கும் சிறிய டிரம் பிரேக், பத்து அங்குலச் சக்கரம், முன்சக்கரத்தைத் தாங்கும் மெல்லிய ஃபோர்க். வேகத்தை மட்டும் கூட்டிவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இணையத்தில் தேடினால் 25, 32, 45 என்று மூன்று எண்கள் வரும். குழம்ப வேண்டாம். ஐரோப்பாவில் மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவுகிற சைக்கிள்களுக்கு 25 கிலோமீட்டரில் அந்த உதவி நின்றுவிட வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதே மாதிரி சைக்கிள்களுக்கு 32, ஒரு வகைக்கு மட்டும் 45. இவை சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்ட ஊர்களையும் மனதில் வைத்துப் பிறந்த எண்கள். பஸ், டிப்பர், ஆட்டோ, மாடு, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் ஒரே தாரில் போகிற, கணபதி வழியாகச் செல்லும் சத்தி ரோட்டுக்கு அவற்றை அப்படியே கொண்டுவர முடியாது.

சரி, நம் சாலைக்கு எண் எப்படி வருகிறது? கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். மற்ற எல்லாம் இதிலிருந்துதான். முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது என்று கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குக் கவனமாக ஓட்டுகிறவருக்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் 40-இல் போகும் வண்டி 11 மீட்டர் கடந்திருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. காய்ந்த சாலையில், ஓரளவு நன்றாகப் பிரேக் பிடிக்கிறவர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வண்டி முழுதாக நிற்க 25-இல் 12 மீட்டர், 40-இல் 24 மீட்டர், 50-இல் 33 மீட்டர், 60-இல் 44 மீட்டர், 80-இல் 72 மீட்டர் வேண்டும். சாலை நனைந்திருந்தால் 40-க்கே 30 மீட்டரைத் தாண்டிவிடும்.

இந்த எண்களை ஒரு காட்சியாக வைத்துப் பாருங்கள். சரியாக 24 மீட்டர் முன்னால், நின்றிருக்கும் டவுன் பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு குழந்தை ஓடி வருகிறது. 40-இல் வந்தவர் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடுகிறார். 50-இல் வந்தவர் நிற்கவில்லை; மோதும்போது அவர் வேகம் இன்னும் 34, 35 இருக்கும். 60-இல் வந்தவர் மோதும்போது 50-க்கும் மேல் இருக்கும், ஏனென்றால் அவர் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 24 மீட்டரில் 17 மீட்டர் முடிந்துவிட்டது. 40-க்கும் 50-க்கும் இடையில் பத்துதானே என்று மீட்டரைப் பார்த்து நினைப்போம். அந்தப் பத்து முழுவதும் மோதலில் போய்ச் சேருகிறது. நான் 40 என்ற எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஓட்டுகிறவருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத ஒன்றில் நேராக மோதுவது இரண்டு மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 60 என்றால் நான்கு மாடிக்கும் மேல். காரில் இருப்பவருக்குத் தகடும் பெல்ட்டும் பலூனும் இருக்கின்றன. ஸ்கூட்டரில் இருப்பவருக்கு ஹெல்மெட் மட்டும்தான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் மொத்தச் சாவுகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகம்தான் காரணமாகப் பதிவானது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

சட்டம் அனுமதிக்கும் உச்சம் இதைவிடக் கூடுதல்தான். மத்திய அரசின் 2018 அறிவிப்பில் இரு சக்கர வண்டிகளுக்கு நகராட்சிச் சாலைகளில் 60, நான்கு வழிச் சாலைகளில் 80. மாநிலங்களும் நகரங்களும் அதைக் குறைத்துக்கொள்ளலாம். சென்னையில் 2023 நவம்பரில் இரு சக்கர வண்டிக்கு 50 என்றும், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்றும் வைத்தார்கள். 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடும், நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30-ஐத்தான் கேட்டது. சென்னையின் எல்லையையே உங்கள் வீட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் பலகை இல்லாத தெருவாக இருந்தாலும் இயற்பியல் அங்கேயும் அதேதான்.

இதுவரை சொன்னது பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும். பேட்டரி வண்டிக்கென்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் விற்பனையின்போது சொல்வதில்லை.

முதலாவது, இழுவை. பெட்ரோல் ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் உறுமி, பெல்ட் பிடித்து, பிறகுதான் வண்டி நகரும். மின் மோட்டாருக்கு அந்த இடைவெளி கிடையாது. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடும். நம் ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் போன்ற வண்டிகள் மூன்று நொடி சொச்சத்தில் 40-ஐத் தொட்டுவிடும். உச்ச வேகம் 90. டிவிஎஸ் ஐக்யூப் 75-க்கு மேல், ஓலாவின் எஸ்1 ப்ரோ 115-ஐத் தொடும். மைதானத்தில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்: கால் தரையில் தடுமாறும்போது புதியவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார்கள், அந்தப் பிடியிலேயே வலது கை முறுக்கிவிடுகிறது, வண்டி முன்னால் பாய்கிறது, பயத்தில் இன்னும் இறுக்குகிறார்கள். அதனால் முதல் சில வாரங்களுக்கு, வண்டியைச் சிக்கனமாக ஓட்டும் எகோ மோடு தவிர வேறு எதையும் தொட வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் எகோவில் வேகமே 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றுவிடும். இழுவையும் சாதுவாக இருக்கும். மனைவிக்குத் தேவையான வேகம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று, வண்டியைக் கேட்டுக்குள் தள்ளும்போதும் பார்க்கிங்கில் திருப்பும்போதும் சாவியை அணைத்துவிடுங்கள். சத்தமில்லாததால் ஆனில் இருப்பதே மறந்துபோகும். பக்கத்தில் நிற்கும் குழந்தை விளையாட்டாகக் கைப்பிடியைத் திருகினால் வண்டி கிளம்பிவிடும்.

அடுத்தது, சத்தம். பெட்ரோல் வண்டி வருவது காதுக்குத் தெரியும், பேட்டரி வண்டி வருவது தெரியாது. தெருவில் முதுகைக் காட்டி நடக்கிற பாட்டி, கோலம் போட்டுக்கொண்டிருக்கிறவர், வண்டிச் சத்தம் கேட்டால் விலகிப் பழகிய நாய், யாருக்கும் நீங்கள் வருவது தெரியாது. ஓட்டுகிறவருக்கும் ஒரு சிக்கல் உண்டு: இன்ஜின் அலறாததால் 55-இல் போவது 35 மாதிரித் தோன்றும். காதை நம்பி வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள் மீட்டரைப் பார்த்துப் பழக வேண்டும். தெருவுக்குள் 20-25 என்று நான் சொன்னதில் பாதி இந்தச் சத்தமின்மைக்காக.

மூன்றாவது, ரீஜென் என்று சொல்கிற, ஆக்சிலேட்டரை விட்டாலே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் வசதி. இரண்டு வாரத்தில் பழகிவிடும், பிரேக்கைத் தொடாமலேயே ஓட்டத் தோன்றும். ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் அதற்குள் மேலும் மின்சாரத்தைத் தள்ள முடியாது, அதனால் பல வண்டிகளில் ரீஜென் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். இரவு முழுக்க சார்ஜ் போட்டுக் காலையில் கிளம்பும்போது, முதல் திருப்பத்தில் வண்டி வழக்கம்போல மெதுவாகாமல் வழுக்கிக்கொண்டே போவதாகத் தோன்றும். வண்டி கெட்டுவிடவில்லை. தெரு முனையிலேயே பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சாலைக்கு வாருங்கள். மழையில் இன்னொரு எச்சரிக்கை: ரீஜென் பின்சக்கரத்தில் மட்டும்தான் இழுக்கும். ஈரமான வெள்ளைக் கோட்டின் மேலோ சாக்கடை மூடியின் மேலோ ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் விலகப் பார்க்கும். மெல்ல விட வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கம். வேகம் குறைந்தால் எப்போதும் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 25-க்கு மேல் போகாத வண்டியில் அவினாசி ரோட்டுக்கு வந்தால் பின்னால் வரும் பஸ் 55, 60-இல் வரும். வினாடிக்கு எட்டு முதல் பத்து மீட்டர் வேகத்தில் உங்கள் முதுகை நெருங்குகிறது என்று அர்த்தம். எல்லா வண்டியும் உங்களை முந்தும், ஒவ்வொரு முந்தலும் ஒரு ஆபத்து. ஓரமாகப் போகலாம் என்றால் ஓரத்தில் மண், மணல், கடை முன்னால் நிறுத்திய கார், திறக்கும் கதவு. இரண்டு பேர் உட்கார்ந்து மேம்பாலம் ஏறினால் 250 வாட் மோட்டார் திணறி 15-க்குக் கீழே இறங்கிவிடும், நடுவில் ஒதுங்கவும் இடமிருக்காது. ஆகவே ஹோப் காலேஜ் பயணத்துக்கு அந்த வண்டி பொருந்தாது. சாலையில் மற்றவர்கள் போகும் வேகத்துக்கு ஓரளவு பக்கத்தில் போவதும் பாதுகாப்பில் சேரும். 40-இல் போனால் அது கிடைத்துவிடுகிறது. நான்கு வழி பைபாஸில் கிடைக்காது, அங்கே லாரிகள் 70-இல் போகும். அதனால் பைபாஸ் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கச் சொல்லுங்கள், சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போகட்டும்.

பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகமான சாலையின் நடுவில் அது நடந்தால் சிரமம். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பெரிய சாலைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஓட்டத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. டிம் லைட்டில் சாலை தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 30 மீட்டர். 50-இல் நிற்க 33 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதாவது டிம் லைட்டில் 50-இல் போகிறவர் பார்ப்பதற்கும் நிற்பதற்கும் இடையில் மூன்று மீட்டர் கடனில் ஓடுகிறார். பெயின்ட் அழிந்த வேகத்தடை, மூடாத பள்ளம், படுத்திருக்கும் மாடு எல்லாம் அந்த மூன்று மீட்டரில்தான் இருக்கும். இரவில் 35 போதும், மழை இரவில் 25. சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் பெரிய சக்கரத்தைப் போல ஏறி வராது, சிக்கிக்கொள்ளும். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதைப் பற்றி என் முடிவு இது. மனைவிக்கு, பதிவெண்ணும் இன்சூரன்சும் உள்ள, 60 முதல் 80 வரை போகக்கூடிய வண்டி. அந்த 80-க்காக இல்லை. அந்த வேகத்துக்கு ஏற்ற பிரேக்கும் டயரும் சட்டகமும் அதில் இருக்கும், அவற்றை வைத்துக்கொண்டு 40-இல் போகலாம் என்பதற்காக. முன்னால் டிஸ்க் பிரேக், 12 அங்குலச் சக்கரம், இடது பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன் அளவையும் பாட்டுப் போடும் வசதியையும் கடைசியில் பார்க்கலாம். 40-இல் போனால் காற்றின் எதிர்ப்பு குறைவு, ஒரு சார்ஜுக்குக் கிடைக்கும் தூரமும் 70-இல் ஓட்டுகிறவரைவிட நன்றாகவே கூடும்.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு காலி மைதானத்துக்கோ லேஅவுட் சாலைக்கோ போங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மனைவி 30-இல் வந்து கோட்டில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கட்டும், கோட்டிலிருந்து வண்டி நின்ற இடம் வரை எட்டு வைத்து அளந்து பாருங்கள். பிறகு 40-இல் அதையே செய்யட்டும். புதியவர்கள் பின் பிரேக்கை மட்டும் மிதமாகப் பிடிப்பார்கள், வண்டி 20 மீட்டர் தாண்டியும் ஓடும். முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தப் பழகினால் அது 12, 13 மீட்டருக்கு வந்துவிடும். கை நேராக இருக்க வேண்டும், திருப்பத்தில் அழுத்தக் கூடாது. அந்த எட்டு மீட்டர் வித்தியாசத்தை ஒருமுறை தன் கண்ணால் பார்த்தவருக்கு வேகத்தைப் பற்றித் தனியாக அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது.

மகளுக்கு வேறு ஏற்பாடு. அம்மாவின் வண்டியை 18 ஆகி லைசென்ஸ் வரும்வரை தொடக் கூடாது, அது உங்கள் பெயரில்தான் வழக்காக வரும். டியூஷன் இரண்டு கிலோமீட்டர்தான், வழி முழுவதும் உள்தெரு என்றால் லாக் தொடாத 25 வண்டி சரியாகவே பொருந்தும். சைக்கிளும் பொருந்தும். சத்தி ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டிய வழியாக இருந்தால் சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் கடக்கட்டும், கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், தாடைப் பட்டியை மாட்டித்தான் கிளம்ப வேண்டும். துப்பட்டாவை முடிந்து உள்ளே செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். தோழியைப் பின்னால் ஏற்ற வேண்டாம், அந்த வண்டியின் பிரேக் ஒருவருக்கே அளவாகத்தான் இருக்கிறது. வாங்கும்போது பில்லில் மோட்டார் திறனும் உச்ச வேகமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாடலுக்குச் சோதனை நிறுவனம் கொடுத்த விலக்குச் சான்றின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.